வெளிநாட்டில் படிக்கப் போகிறவருக்கு ‘நாலு பேர்’ எதற்கு?

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வெளிநாட்டுப் படிப்புக்கான விளம்பரப் பலகைகள் இப்போது நிறையக் கண்ணில் படுகின்றன. ஜெர்மனி, இங்கிலாந்து, கனடா. மருத்துவம் என்றால் ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ். உள்ளே போய்க் கேட்டால் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண், வங்கி இருப்பு, காப்பீடு, டிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்வார்கள். ஜெர்மனி போகிறவர் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த தொகை. அதுவும் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் போன இடத்தில் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர யார் இருக்கிறார்கள் என்ற பேச்சு மட்டும் வராது. படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

சம்பந்தம் இருக்கிறது. உளவியலில் அதற்குச் சமூக ஆதரவு என்று பெயர். நமக்கு ஒன்றென்றால் வரக்கூடிய ஆட்கள், அவர்கள் செய்கிற உதவி, அவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு, மூன்றும் சேர்ந்தது அது. மனநலம் என்றால் பலர் நோயைத்தான் நினைக்கிறார்கள். வருகிற நெருக்கடியைச் சமாளித்து, படிப்பையும் வேலையையும் ஒழுங்காகப் பார்த்து, மற்றவர்களோடு கலந்து வாழ முடிகிற நிலைதான் மனநலம். உலக சுகாதார அமைப்பு சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஊரில் இருக்கும்வரை ஆதரவு கேட்காமலே கிடைக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடைக்காரர், கல்லூரிப் பேருந்தில் கூட வருகிற நண்பன், சித்தப்பா பையன் என்று நாலா பக்கமும் ஆள் உண்டு. விமானம் ஏறின அன்றைக்கே இத்தனையும் கைக்கு எட்டாமல் போகிறது. போன இடத்தில் முதலிலிருந்து சேர்க்க வேண்டியதுதான்.

எந்த நேரத்துக்கு எந்த உதவி

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் இந்த ஆதரவை நாலாகப் பிரித்துச் சொன்னார். ஆறுதல், கையுதவி, தகவல், நிலைமையை எடைபோட்டுச் சொல்லுதல். கேட்க ஏதோ பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பையனின் முதல் ஆறு மாதத்தை எடுத்துப் பார்த்தால் நாலும் தனித்தனியாகத் தெரியும்.

பாலக்கோட்டிலிருந்து ஒருவன் ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே குடியேறின இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பெரிய ஊர்களில் அந்த அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லித் தருகிற சீனியர் தருவது தகவல். அவரே ரயில் நிலையத்துக்கு வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வீடு அமைகிறவரை தன் அறையில் படுக்க இடமும் கொடுத்தால் அது கையுதவி. ‘வீட்டு ஞாபகம் வருதாடா?’ என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கப் பொறுமையாக உட்கார்ந்தால் அது ஆறுதல்.

நாலாவதை நாம் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. முதல் செமஸ்டரில் ஒரு பாடம் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று ரேங்கை விட்டு இறங்காதவன் அவன். ‘நாம் இதற்கு லாயக்கில்லை’ என்ற முடிவுக்கே வந்துவிடுகிறான். அதே பாடத்தில் போன வருஷம் விழுந்து எழுந்த ஒருவர், ‘இங்க இது சாதாரணம்டா, மறுபடி எழுதலாம், நானும் எழுதினவன்தான்’ என்று சொன்னால் அவன் தேறிவிடுவான். அதே விஷயத்துக்கு அம்மா ஆயிரம் முறை ‘பரவாயில்ல சாமி’ என்றாலும் மனசு ஆறாது. அம்மாவின் அன்பில் குறை இல்லை. அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது, தெரியாது என்பது பையனுக்கும் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு வீட்டார் பேசும் பேச்சில் நடக்கிற பெரிய கோளாறு இதுதான். டிசம்பர் மாதம், பாலக்கோட்டில் இரவு ஒன்பது மணி. வீடியோ கால் போகிறது.

‘சாப்பிட்டியா?’

‘சாப்பிட்டேம்மா.’

‘குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கியா?’

‘போட்டிருக்கேன்.’

‘படிப்பெல்லாம்?’

‘போகுதும்மா.’

அங்கே அப்போது மாலை நாலரைதான். ஆனால் பெர்லின் போன்ற ஊரில் அந்த மாதத்தில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பையன் அறையில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். பழைய வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார், யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியவில்லை. அவனுக்குத் தேவை தகவல். அம்மாவிடம் இருப்பது ஆறுதல். பேச்சு நாலு நிமிஷத்தில் முடிகிறது, இரண்டு பேருக்குமே நிறைவு இல்லை.

இதன் மேல் கடன் வேறு. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கிகள் சொத்தை ஈடாகக் கேட்கும். நம் பக்கம் சொத்து என்றால் பலருக்கு அது மாந்தோப்பு, இல்லாவிட்டால் கிணற்றை நம்பியிருக்கிற இரண்டு ஏக்கர் காடு. பத்திரம் வங்கியில் இருக்கிறது, வழியனுப்ப ஃப்ளெக்ஸ் வைத்த சொந்தக்காரர்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்த நிலையில் ‘எனக்கு முடியலை’ என்று ஒருவன் எப்படிச் சொல்வான்? வட்டிக்காவது சம்பாதிக்கலாம் என்று பகுதி நேர வேலைக்குப் போகிறான். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள். கிடைப்பது பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். தூக்கம் குறைகிறது, ஞாயிற்றுக்கிழமை யாராவது கூப்பிட்டால்கூடப் போக முடிவதில்லை. பணக்கஷ்டம் முதலில் கைவைப்பது சாப்பாட்டில் என்று நினைப்போம். என் அனுபவத்தில் அது முதலில் கைவைப்பது நாலு பேரோடு பழகுவதில்தான்.

ஆதரவு இருந்தால் மனம் எப்படித் தாங்குகிறது என்பதற்கு ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து இரண்டு வழி சொன்னார்கள். நாலு பேரோடு பிணைந்து வாழ்வதே எப்போதும் கொஞ்சம் நல்லது செய்கிறது, அது ஒரு வழி. நெருக்கடி வரும்போது மட்டும் ஆதரவு நடுவில் நின்று அடியின் வேகத்தைக் குறைக்கிறது, அது இன்னொரு வழி. அடுத்த ஆண்டு எலைன் வெதிங்டன், ரொனால்ட் கெஸ்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னொரு சுவையான விஷயத்தைக் காட்டினார்கள். நெருக்கடியில் மனதைக் காப்பாற்றுவதில், கையில் வந்து சேர்ந்த உதவியைவிட, ‘கேட்டால் கிடைக்கும்’ என்ற நம்பிக்கைக்குப் பங்கு அதிகம். நமக்கு இது புதிதில்லை. கல்யாண மொய் நோட்டு பீரோவில் கிடக்கிறது. தினமும் யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் அடுத்த கல்யாணத்தைத் துணிந்து பேசுகிறோம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அப்படி ஒரு நோட்டில் அஞ்சாறு பெயராவது இருக்க வேண்டும். அந்தப் பெயர்கள் சங்கடம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. சும்மா இருக்கிற நாளில் பழகிச் சேர்த்தால்தான் உண்டு.

தமிழ் வட்டம் மட்டும் போதுமா?

ஸ்டீபன் பாக்னர் என்ற உளவியலாளர் 1977-இல் ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவர்களின் நட்பு எப்படி அமைகிறது என்று ஆராய்ந்தார். மூன்று வட்டம் தெரிந்தது. சொந்த நாட்டுக்காரர்கள், அந்த நாட்டுக்காரர்கள், தம்மைப் போலவே வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வேலை. சொந்த நாட்டு வட்டத்தில் நம் மொழி, நம் சாப்பாடு, நம் சிரிப்பு. உள்ளூர் வட்டத்தில் படிப்புக்கும் வேலைக்கும் வேண்டிய காரியம் நடக்கும். மூன்றாவது வட்டம் பொழுதுபோக்க, ஊர் சுற்ற.

முதல் வட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. ‘அங்கே போயும் தமிழ் ஆட்களோடவே சுத்தினா எதுக்குப் போகணும்?’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் மூன்று மாதம் உயிர் பிழைப்பதே தமிழ் வட்டத்தால்தான். எந்தக் கடையில் கேழ்வரகு மாவு கிடைக்கும், எந்த வீட்டு விளம்பரம் மோசடி, எந்தப் பேராசிரியர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவார், எல்லாமே அங்கேதான் தெரியும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் பலர். உகாதிக்கு ஒரு கூட்டம், பொங்கலுக்கு ஒரு கூட்டம் என்று எங்கே போனாலும் ஒட்டிக்கொள்வார்கள். ஊரில் யாரும் பெரிதாக மதிக்காத அந்தத் திறமைக்கு அங்கேதான் மவுசு.

சிக்கல் அந்த வட்டம் ஒன்றே ஒன்று என்று ஆகும்போது வருகிறது. ஒரே அறை, ஒரே வேலை இடம், ஒரே வாட்ஸ்அப் குரூப். அதில் ஒருவரோடு மனஸ்தாபம் வந்தால் எல்லாரும் போன மாதிரி. யாருக்கு வேலை கிடைத்தது, யார் கடனை அடைத்தார் என்ற ஒப்பீடு தினமும் காதில் விழும். அதைவிடப் பெரிய பயம், இங்கே சொன்னது ஊருக்குப் போய்விடும் என்பது. ‘அவன் கவுன்சலிங் போறானாம்’ என்ற செய்தி காரிமங்கலத்துக்கு வந்து சேர ஒரு இரவு போதும். அந்தப் பயத்தாலேயே வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். ஊரில் யாரையும் தெரியாத ஒரு பிரேசில்காரரிடமோ வியட்நாம்காரரிடமோ மனம் விட்டுப் பேசுவது பல நேரம் லேசாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

லேசான பழக்கத்தையும் ஒதுக்க வேண்டாம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பலருக்கு வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கிறவர்கள் வழியாகவே வந்தது என்று காட்டினார். நூலகத்தில் எதிரே உட்காருகிறவர், கிரிக்கெட் ஆட வருகிற பாகிஸ்தான் மாணவர், கோயிலில் பார்க்கிற யாழ்ப்பாணத்து அம்மா. இவர்களுக்கு ஒரு ‘ஹலோ’ சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை.

சரி, மனசு எப்போது அதிகம் தள்ளாடும்? நார்வேயிலிருந்து உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்தவர்களைப் பற்றி ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955-இல் எழுதினார். போன புதிதில் உற்சாகம், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம்வரை சோர்வு, பிறகு மீட்சி என்றார். இதை வளைவாக வரைந்து இன்றும் பல இடங்களில் காட்டுகிறார்கள். ஆனால் நியூசிலாந்தில் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைக் காலின் வார்டு என்ற உளவியலாளரின் குழு தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இறங்கின முதல் நாட்களில்தான் மனச்சங்கடம் மிக அதிகம். ஆக ‘முதல் மாசம் ஜாலியா இருக்கணுமே, எனக்கு மட்டும் ஏன் அழுகை வருது’ என்று யாரும் குழம்ப வேண்டியதில்லை.

‘எங்க பையன் பதினொண்ணாவதிலிருந்தே ஹாஸ்டல்ல இருந்து பழகினவன்’ என்று சொல்கிற பெற்றோர் நம் இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். பள்ளி ஹாஸ்டலில் எழுப்ப மணி அடிக்கும், சாப்பிட மணி அடிக்கும், வரிசையில் ஆள் குறைந்தால் வார்டன் தேடுவார். வெளிநாட்டில் மூன்று நாள் அறையை விட்டு வெளியே வராவிட்டாலும் கதவைத் தட்ட ஆள் இல்லை. ஹாஸ்டல் வாழ்க்கை வேறு, தனி வாழ்க்கை வேறு.

பேசாமல் கிடைக்கும் துணை

மனக்கஷ்டம் என்றாலே ‘மனசைத் திறந்து பேசு’ என்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எல்லாருக்கும் எப்போதும் அது ஒத்துவருவதில்லை. ஷெல்லி டெய்லர் என்ற உளவியலாளரின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஆசியப் பின்னணி கொண்ட மாணவர்களையும் ஐரோப்பிய அமெரிக்க மாணவர்களையும் மன அழுத்தம் தரும் ஒரு வேலையைச் செய்ய வைத்தார்கள். ஒரு பிரிவினர் நெருக்கமானவரிடம் நேரடியாக உதவி கேட்டு எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர் தமக்கு நெருக்கமான ஒரு கூட்டத்தை நினைத்துக்கொண்டு அதைப் பற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பிய அமெரிக்கர்களுக்கு உதவி கேட்டு எழுதியது ஒத்துவந்தது. ஆசியப் பின்னணியினருக்கு வெறும் நினைப்பே போதுமாக இருந்தது; உதவி கேட்டு எழுதியவர்களுக்கு அழுத்தம் கூடுதலாகத் தெரிந்தது. அழுத்தம் கூடினால் உடலில் சுரக்கும் கார்டிசோலை அளந்தபோதும் அப்படித்தான். மற்றவருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற தயக்கம்தான் காரணம் என்று அந்தக் குழு விளக்குகிறது. அந்தத் தயக்கம் நம்மில் யாருக்குத்தான் இல்லை?

இங்கிலாந்தில் படித்த காவேரிப்பட்டணத்துப் பெண் ஒருத்தி சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு இந்த ஆய்வைவிடத் தெளிவாக விளங்கியது. ஹாஸ்டலின் பொதுச் சமையலறையில் கேழ்வரகுக் களி கிண்டியிருக்கிறார்கள். துடுப்பு ஏது? மரக்கரண்டிதான். மாவு இறுக இறுக ஒருத்தி பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி இரண்டு கையாலும் கிண்ட, கரண்டியின் காம்பு முறிந்தே போயிற்று. தண்ணீர் தொட்டுக் கையாலேயே உருண்டை பிடித்தார்கள். அதே தளத்தில் இருந்த உகாண்டா மாணவி எட்டிப் பார்த்து, ‘இது எங்கள் வீட்டுச் சாப்பாடாச்சே’ என்று உட்கார்ந்துவிட்டாளாம். கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்கா. உகாண்டாவில் இன்றும் அந்த மாவைக் கிண்டிக் கையால் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். அன்றிலிருந்து வாரா வாரம் அவளும் கூட்டத்தில் ஒருத்தி. ‘அந்த ரெண்டு மணி நேரத்தில் யாரும் யாருடைய கஷ்டத்தையும் பேச மாட்டோம் சார். ஆனா ஞாயித்துக்கிழமை இருக்குன்னு நினைச்சாலே வாரம் ஓடிடும்’ என்றாள். வட்டங்கள் சேர்வதற்கு இதைவிடப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. நாளும் நேரமும் மாறாமல் ஒன்றாகச் செய்கிற ஒரு வேலை இருந்தால் போதும். சமையலோ, பூப்பந்தோ, கோயிலோ.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

பிள்ளை மறைக்கிறான் என்று வருத்தப்படுகிற வீட்டில், பெரியவர்களும் மறைப்பதுண்டு. பாட்டி இறந்துபோவார். தேர்வு நடக்கிறது, சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்வார்கள். காரியம் எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்துச் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு ‘எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்று வீட்டில் சொல்வதை அந்தப் பிள்ளை நம்புவதில்லை. அம்மா ஒருநாள் போன் எடுக்காவிட்டால் பதறுகிறது. ‘கேட்டால் உண்மை கிடைக்கும்’ என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிடுகிறது. சாவு, ஆஸ்பத்திரி போன்ற செய்திகளை அன்றே சொல்வதா, தேர்வுக்குப் பிறகு சொல்வதா என்று விமானம் பிடிக்கப் பெங்களூருக்கு வண்டி ஏறும் முன்பே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்கிற பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

போன் பேச்சில் ‘சாப்பிட்டியா’வோடு ‘யாரோட சாப்பிட்ட?’ என்றும் கேட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் ‘தனியாத்தான்’ என்றே பதில் வந்தால் அது ஒரு தகவல். பிள்ளையின் நண்பர்கள் இருவரின் எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, வாங்கி வைப்பதும் நல்லது. அதை வைத்து வேவு பார்க்க வேண்டாம். ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் அந்த நண்பர்களிடமும் அவன் எதுவும் சொல்ல மாட்டான்.

நண்பர்கள் போதாத நேரம்

வீட்டு ஞாபகம் வந்து போகும். நடுவில் சிரிப்பும் பசியும் தூக்கமும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட எல்லா நாளும் மனம் கனத்தே இருந்தால், பிடித்த எதிலும் ஆர்வம் போய்விட்டால், தூக்கமும் பசியும் கெட்டால், மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதற்குக் களியும் கிரிக்கெட்டும் துணைதான், சிகிச்சை ஆகாது.

முதலில் போக வேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையம். இங்கிலாந்தில் மாணவர்களுக்கு அது இலவசம். ஜெர்மனியில் மாணவர் நலச் சங்கங்கள் நடத்தும் ஆலோசனையும் பெரும்பாலும் அப்படியே. பேசியது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை மட்டும் விதிவிலக்கு. ஆலோசகரிடம் போனால் விசாவுக்கு ஆபத்து என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. இங்கிலாந்தில் உண்மையில் ஆபத்து, யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பதில்தான் இருக்கிறது. மாணவர் தொடர்ந்து வராவிட்டால் பல்கலைக்கழகம் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். முன்கூட்டியே போய்ச் சொன்னால் தேர்வைத் தள்ளிவைக்கவும் கால அவகாசம் கேட்கவும் வழி இருக்கும்.

பாஸ்போர்ட் தொலைந்தது, வேலை இடத்தில் ஏமாற்றினார்கள், சண்டை மூண்டது போன்றவற்றுக்கு இந்தியத் தூதரகம். இடரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவ 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி அவர்களிடம் இருக்கிறது. குறைகளை இணையத்தில் பதிய 2015-இல் வந்த ‘மதத்’ தளம் உண்டு. தமிழ்நாடு அரசிலும் அயலகத் தமிழர்களுக்கென்று தனித் துறை இயங்குகிறது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அல்லது நண்பர் ஒருவர் அப்படிப் பேசினால், காத்திருக்க வேண்டாம். அந்தந்த நாட்டு உதவி எண்ணை அழைக்கலாம். இங்கிலாந்தில் 116 123, ஜெர்மனியில் 0800 111 0 111, ஆஸ்திரேலியாவில் 13 11 14, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. இங்கே வீட்டில் இருந்தபடி கவலையில் தூக்கம் கெடுகிற பெற்றோருக்கு டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை, எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.